வாரத்தில் 50 நிமிடம்: கிளிநொச்சியில் பெற்ற உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை

கிளிநொச்சியில் ஏ-9 வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில் இயங்கும் தனியார் உளவளத்துணை நிலையத்துக்கு ஏழு மாதங்கள் வாரம் ஒரு தடவை போய்வந்தேன். அதன் பெயரைத் தவிர்க்கிறேன். நித்திரையின்மையும் காரணம் தெரியாத நெஞ்சுப் படபடப்பும் என் முறைப்பாடுகள். அங்கே தரப்படுவது உளப்பகுப்பாய்வு, அதாவது அடிமனதில் புதைந்திருப்பதைப் பேச்சால் வெளிக்கொணர முயன்ற வியன்னா மருத்துவர் சிக்மண்ட் பிராய்ட் வழிவந்த சிகிச்சை. படங்களில் காட்டும் சாய்கட்டில் இல்லை. இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளும் சத்தமிடும் மின்விசிறியும்தான். மனதில் வந்ததை நாம் சொல்ல, எதிரில் இருப்பவர் 50 நிமிடமும் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார்.

அப்படிக் கேட்பதைச் சிறிய விடயமாக நான் எண்ணவில்லை. 2009க்குப் பிறகு வன்னியில் எங்களிடம் விபரம் கேட்டவர்கள் எல்லோரும் படிவத்தோடுதான் வந்தார்கள். படிவமின்றிக் கேட்ட முதல் ஆள் இவர். நான்காம் மாதமளவில் நித்திரை சீரானது.

குறை விளக்கங்களில் இருந்தது. காலபோக அறுவடையில் எங்கள் வயலுக்கு வெட்டு மெசின் வந்த நாளன்று நான் சிகிச்சைக்குப் போகவில்லை. அடுத்த வாரம் சிகிச்சையாளர், அது சிகிச்சைக்கு என் அடிமனம் காட்டும் எதிர்ப்பு என்றார். மெசின்காரர் என் அடிமனதைக் கேட்டு நாள் குறிக்கவில்லை என்றேன். அந்த மறுப்பும் எதிர்ப்புத்தான் என்றார். பிழை என்று காட்டுவதற்கு வழியே விடாத கோட்பாடு அறிவியலாகாது என்று மெய்யியலாளர் கார்ல் பொப்பர் உளப்பகுப்பாய்வைக் குறைகூறியதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது.

பிறகு ஆய்வுகளைத் தேடி வாசித்தேன். சிகிச்சை பெறாதவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் இரண்டு ஆண்டுகளில் தேறிவிடுகிறார்கள் என்று 1952இல் உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க் எழுதினார். அவருடைய கணக்கு முறை பின்னர் கடுமையாகக் கண்டிக்கப்பட்டாலும், என் நித்திரை திரும்பியது காலத்தாலா சிகிச்சையாலா என்ற கேள்வியை அது என்னிடம் விட்டுச்சென்றது. 2015இல் வெளியான இலண்டனின் டாவிஸ்டொக் உளநல நிலைய ஆய்வு இதைவிடக் கவனமானது. வேறு சிகிச்சைகளால் தேறாத, நெடுநாள் மனச்சோர்வுடைய 129 பேரில் ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சையுடன் உளப்பகுப்பாய்வுச் சிகிச்சையையும் 18 மாதங்கள் வழங்கினார்கள். சிகிச்சை முடிந்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மேலும் இரண்டு ஆண்டுகள் கழித்து, இதைப் பெற்றவர்களில் 30 வீதமானோரும் மற்றவர்களில் 4.4 வீதமானோரும் பகுதியளவில் தேறிய நிலையில் இருந்தார்கள். 2017இல் 23 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த பகுப்பாய்வும், ஏற்கெனவே நிலைபெற்ற சிகிச்சைகளுக்கு இது ஏறத்தாழ இணையானது என்றே கண்டது.

ஆகவே பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. அடிமனம் பற்றிய விளக்கம் சரி என்பதற்கு அதே சான்று போதாது. எங்கள் வடகிழக்கில் போரையும் சுனாமியையும் கண்ட 31 பிள்ளைகளிடம் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், நடந்ததை வரிசையாகச் சொல்லவைத்த முறையும் தியானத் தளர்வுப் பயிற்சியும் ஏறத்தாழ ஒரேயளவு உதவின. இரண்டிலும் பிராய்ட் இல்லை.

போக விரும்புவோர் எத்தனை அமர்வுகள், எப்போது மீளாய்வு என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஏழு மாதமும் அதற்குப் பதில் கிடைக்கவில்லை. படபடப்பு இன்னும் இடைக்கிடை வருவதால், இலவசமாகக் கிடைக்கும் அரச வைத்தியசாலை உளநலப் பிரிவுக்கு இப்போது போகிறேன்.