கடலோரத்து கேட்டுக்கு எந்த அண்டர்கோட்?

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் கேட்டுக்கு என்ன கலர் என்று நாள் கணக்கில் யோசிப்பார்கள். அடியில் போகும் கோட்டிங்கை மட்டும் வெல்டிங் பட்டறைக்காரர் முடிவுக்கே விட்டுவிடுவார்கள். இந்த உப்புக்காற்றில் கேட்டின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

பட்டறையில் வழக்கமாக அடித்து அனுப்புவது ரெட் ஆக்சைடு. விலை குறைவு, ஒரே டப்பா, யாரும் அடிக்கலாம். ஆனால் அதிலுள்ள சிவப்பு நிறமே இரும்பு ஆக்சைடுதான். காற்றையும் ஈரத்தையும் மறைத்து நிற்குமே தவிர, துருவோடு மல்லுக்கட்டாது. ஒரு கீறல் விழுந்தால் போதும், அந்த இடத்தில் பெயின்ட் உப்பிக்கொண்டு வரும். உள்ளறை ஜன்னல் கம்பிக்கு அது சரி. கடலைப் பார்த்த கேட்டுக்குப் போதாது.

மஞ்சளாக இருக்கும் ஜிங்க் குரோமேட் துருவை நன்றாகவே தடுக்கும். ஆனால் அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் வகை. பின்னாளில் சுரண்டும்போது அந்தத் தூசி மூச்சில் போகும். வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

என் ஓட்டு ஜிங்க் பாஸ்பேட் கலந்த எபாக்சி பிரைமருக்கு. ஜிங்க் பாஸ்பேட் துருவைத் தடுக்கும், எபாக்சி ஈரத்தை எளிதில் உள்ளே விடாது. விலை கூடுதல்தான். இறுக வைக்கும் ஹார்டனரைச் சேர்த்தால் சில மணி நேரத்தில் இறுகிவிடும், அதனால் தேவைக்கு மட்டும் கலக்க வேண்டும். எபாக்சி மேல் வெயில் பட்டால் மாவு மாவாக உதிரும். அதனால் மேலே வெயில் தாங்கும் பாலியூரிதேன் பெயின்ட் அடித்துவிடுங்கள். 2025-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குப் பாலிசிலாக்ஸேன் பூச்சே கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை.

எதை அடித்தாலும் அதற்கு முன் இரும்பைக் கழுவுங்கள். கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் துருவைத்தான் எடுக்கும். கண்ணுக்குத் தெரியாத உப்பு அப்படியே நிற்கும். அதன் மேல் பெயின்ட் அடித்தால், அந்த உப்பு ஈரத்தை உள்ளே இழுத்துக் கொப்புளமாகக் கிளம்பும். இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல்: பல வீடுகளில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் உப்பை நாமே பூசிவிட்டதாகத்தான் அர்த்தம். குடிக்க வாங்கும் நல்ல தண்ணீரில் ரெண்டு குடம் இதற்கு ஒதுக்குங்கள். பனி ஈரம் போனபிறகு காலையில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அன்றைக்கே முதல் கோட்டை முடித்துவிட வேண்டும். ராத்திரி விட்டுவைத்தால் காற்று மறுபடி உப்பைக் கொண்டுவந்து படிய வைக்கும்.

அப்புறம், தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை ஓடுகிற வேன்களின் அடிப்பாகத்துக்கு அடிக்கும் கோட்டிங். ரப்பர் மாதிரி கறுப்பாகக் காயும் வகை கல்லடி தாங்கும். ஆனால் ஒரு ஓரம் கிளம்பினால் ஈரம் உள்ளே தங்கி, வெளியே தெரியாமலே தகடு அரிக்கும். மெழுகு வகை இடுக்குகளுக்குள் ஊறிப் போகும், ஆனால் அவ்வப்போது திரும்ப அடிக்க வேண்டும். பழைய வண்டிக்கு மெழுகு வகைதான் நல்லது. கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.