கேம் ஸ்டூடியோ: பெரிய கம்பெனிக்கு விற்பதா, சொந்தமாக நடத்துவதா?

நல்ல கேம் செய்தால் வேலை நிலைக்கும் என்ற நம்பிக்கை 2024 மே மாதம் உடைந்தது. முந்தைய ஆண்டு 'ஹை-ஃபை ரஷ்' என்ற கேமைக் கொடுத்துப் பாராட்டு வாங்கிய ஜப்பானின் டேங்கோ கேம்வொர்க்ஸ் ஸ்டூடியோவை மூடுவதாக, அதன் உரிமையாளரான மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆகஸ்டில் தென்கொரிய கேம் கம்பெனி கிராஃப்டன் கைகொடுத்ததால்தான் அந்தக் குழு பிழைத்தது.

பணம்
விற்றால்: மாதம் தவறாமல் சம்பளம்.
சொந்தமாக: கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம், விற்பனையில் 1 கோடி டாலர் வரை 30 சதவீதம் அந்தத் தளத்துக்கு. 20 டாலர் கேமில் மிஞ்சுவது 14. ரீஃபண்ட், வரி, தள்ளுபடி போக இன்னும் குறையும்.

சுதந்திரம்
விற்றால்: எதைச் செய்வது, எதைப் பாதியில் நிறுத்துவது என்பது தலைமையகத்தின் முடிவு. பெரும்பாலும் கேமின் உரிமையும் அங்கேதான். வெளியேறினால் உங்கள் கதாபாத்திரத்தை நீங்களே தொட முடியாது. இதுதான் எனக்கு மிகப் பெரிய இழப்பாகப் படுகிறது.
சொந்தமாக: பெல்ஜியத்தின் லாரியன், 'பால்டர்ஸ் கேட் 3'-ஐ 2020 அக்டோபரில் ஏர்லி ஆக்ஸஸில் (முடியும் முன்பே விற்கும் முறை) விட்டு, 2023 ஆகஸ்டில்தான் முழுமையாக வெளியிட்டது. பிறரிடம் உரிமம் வாங்கிச் செய்த கேம்தான். ஆனாலும் அவசரப்படுத்த மேலே பப்ளிஷர் (கேமை வெளியிடும் கம்பெனி) இல்லை.

வேலை
விற்றால்: உங்கள் கேம் ஓடினாலும் ஆட்குறைப்பு வரலாம்.
சொந்தமாக: ஒரு கேம் படுத்தால் ஸ்டூடியோவே படுக்கும்.

ஐந்தாறு பேர், கையில் ஒன்றரை ஆண்டுச் சம்பளம் என்றால் சொந்தமாகவே இறங்குங்கள். நூறு பேர் தேவைப்படும் கேம் என்றால் விற்கலாம். ஆனால் ஸ்டூடியோவை மூடினால் கேமின் உரிமை குழுவுக்கே திரும்பும் என்ற ஷரத்து இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.