ஓடுற வீடியோவைப் பார்த்து மோட்டார் வாங்காதீங்க: 14,600 ரூபாய் போன கதை

ஆர்.சி. டேங்க் (ரிமோட்டில் ஓடும் மாடல்), பெரிய சைஸ் வண்டி என்று சொந்தமாகச் செய்கிறவர்கள் மோட்டாருக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் கும்பகோணம் பக்கம். இரண்டு வருஷமாக நம் ராணுவத்தின் விஜயந்தா டேங்கை ஆறில் ஒரு பங்கு அளவில் செய்துகொண்டிருக்கிறேன். 1965-ல் ஆவடி டேங்க் தொழிற்சாலையில் முதல் வண்டி வெளியே வந்ததே, அதே விஜயந்தா. என் மாமா அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், அவருக்காகத்தான் இந்த வண்டி. நிஜத்தில் உடல் 7.92 மீட்டர், என்னுடையது 1.32. டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) கண்ணிகளை நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கிறவர் பித்தளையில் வார்த்துக் கொடுத்தார், ஒன்றுகூட நூல் பிசகவில்லை. பேட்டரியோடு எடை 70 கிலோ.

24 வோல்ட், 250 வாட்ஸ் கியர் மோட்டார் இரண்டும் கன்ட்ரோலரும் வெளியூர் வியாபாரி ஒருவரிடம் வாங்கினேன். "புது சரக்குண்ணே, ஏழு நாள் ரிட்டர்ன் இருக்கு" என்றார். மோட்டார் கும்மென்று சுற்றும் வீடியோ அனுப்பினார். ஜிபேயில் 14,600 ரூபாய் போட்டேன். பில் கேட்டதற்கு வெள்ளைத்தாளில் எஸ்டிமேட் வந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

வண்டி உடல் முடியாததால் பார்சலை இரண்டு மாதம் பரணில் வைத்துவிட்டேன். அந்த ஆளுக்கு வேண்டியதும் அதுதான். சொந்தமாகச் செய்கிறவன் எவனும் ஏழு நாளில் வண்டியை ஓட்டிப் பார்க்க மாட்டான்.

காணும் பொங்கலன்று களத்தில் இறக்கினோம். நேராகப் போனது. மாமா ரிமோட்டை வாங்கி நின்ற இடத்திலேயே திருப்பினார். ஒரு பக்க டிராக் முன்னால், மறுபக்கம் பின்னால். இரண்டும் மண்ணைப் பக்கவாட்டில் அரைக்கும். மோட்டாருக்கு நிஜமான லோடு அங்கேதான். மூன்றாவது சுற்றில் வார்னிஷ் கருகும் வாடை, அப்புறம் புகை. கன்ட்ரோலரும் சேர்ந்து போனது.

காயில் கட்டும் கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, "கம்யூட்டேட்டர்ல பள்ளம் விழுந்திருக்கு பாருங்க தம்பி. பழைய மோட்டாரு. பிரஷ்ஷும் பெயின்ட்டும்தான் புதுசு" என்றார். கம்யூட்டேட்டர் என்பது பிரஷ் உரசிக் கரண்ட் வாங்கும் செம்பு வளையம். அடுத்து காயில் கம்பியைச் சுரண்டினார். மேலே செம்புப் பூச்சு, உள்ளே வெள்ளையாக அலுமினியம். அதே தடிமனில் செம்பு தாங்கும் கரண்ட்டை இது தாங்காது.

வியாபாரியைக் கூப்பிட்டேன். "லோடு ஏத்துனது நீங்கண்ணே" என்றார். லோடு ஏற்றாமல் மோட்டார் எதற்கு? அடுத்த நாள் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

லோடு இல்லாமல் எந்த மோட்டாரும் அழகாகத்தான் சுற்றும். வந்த அன்றே வைஸில் கவ்வி, ஸ்ப்ராக்கெட்டின் மேல் மரக்கட்டையை அழுத்திப் பிடித்து, கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 13 ஆம்பியர் வரும்வரை லோடு கொடுங்கள். பத்து நிமிஷத்தில் மோட்டார் உடம்பு சூடாகும், வாடை வரக்கூடாது. பார்சல் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். ஜிஎஸ்டி பில் தராதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வியாபாரி எந்த ஊராக இருந்தாலும் நம் ஊரிலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருஷம் அவகாசம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. எரிந்த ஆர்மேச்சரையும் (மோட்டாருக்குள் சுற்றும் பகுதி) மோட்டார் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரையும் மாமா ஒரு டப்பாவில் போட்டு, தேதி எழுதி வைத்திருக்கிறார்.