விரல்நுனி ஆக்ஸிமீட்டர்: கருவியில் குறையில்லை, பெட்டியில்தான் குறை

நான்கு மாதங்களாக ஒரு விரல்நுனி பல்ஸ் ஆக்ஸிமீட்டரைப் பயன்படுத்தி வருகிறேன். கருவி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஆனால் அதன் பெட்டியில் ஒரு மூளையின் படத்தைப் போட்டு, மூளையின் ரத்த ஓட்டத்தை வீட்டிலேயே கண்காணிக்கலாம் என்று அச்சிட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

விரலை நுழைத்ததும் சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் மாறி மாறி நகத்தின் வழியே பாய்கின்றன. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் இவ்விரு ஒளிகளையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால், நாடித் துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துத் தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவைக் கருவி கணக்கிட்டுவிடுகிறது. ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1970-களில் கண்ட உத்தி இது. மூளைக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்பது இந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை.

உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வின்போது உடல் செலவிடும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. இருந்தும், ஆக்சிஜன் சற்றுக் குறைந்தவுடனே அது கூடுதல் ரத்தம் கேட்பதில்லை. தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம் 100 மி.மீ. பாதரச அளவிலிருந்து 60 வரை இறங்கும் வரைக்கும் மூளையின் ரத்த ஓட்டம் பெரிதாக மாறாது. அதற்கும் கீழே போகும்போதுதான் நாளங்கள் விரிந்து ஓட்டம் வேகமாகக் கூடுகிறது. அந்த 60 என்பது கருவியின் திரையில் ஏறக்குறைய 90 சதவீதம். ஆகவே 98 எப்படி 96 ஆயிற்று என்று தவிப்பவர்கள் (முதல் வாரம் நானும் தவித்தேன்) மூளையை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

அன்றாடம் மூளையின் நாளங்களை அதிகமாக ஆட்டிவைப்பது கரியமில வாயுதான். நாற்காலியில் அமர்ந்து, கருவியை மாட்டியபடி சற்று நேரம் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கிப் பார்த்தேன். 97 என்று நின்ற எண் 99-க்கு ஏறியது. தலையோ லேசாகச் சுற்றியது. வேக மூச்சில் கரியமில வாயு அதிகமாக வெளியேறிவிட, மூளையின் நாளங்கள் சுருங்கி, அங்கே செல்லும் ரத்தம் குறைந்திருந்தது. திரையில் எண் உயர்ந்ததும் அதே வேளையில்தான். மூளையின் ரத்த ஓட்டத்தை அறிய டாப்ளர், எம்.ஆர்.ஐ. போன்ற சோதனைகள் மருத்துவமனையில் இருக்கின்றன.

மற்றபடி, நுரையீரல் நோயுள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனையோடு வைத்துக்கொள்ள ஏற்ற கருவிதான். நகப்பூச்சு இருந்தால் எண் பிசகலாம். கருமையான தோலில் செறிவைச் சற்றுக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. கார்பன் மோனாக்சைடு கலந்த ரத்தத்தை நல்ல ரத்தமென்றே காட்டிவிடும். ஒரு விடியற்காலையில் விரல் சில்லிட்டிருந்தபோது 88 என்று காட்டித் திடுக்கிட வைத்தது. கைகளைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி மாட்டியதும் 97-க்குத் திரும்பியது.