மாடியா, தோப்பா, குளக்கரையா, களமா? கொங்கு நாட்டில் வெளியே யோகா செய்ய ஏற்ற இடம்

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் வீட்டுக்கு வெளியே யோகா செய்ய நினைப்பவர்களுக்குக் கைக்கெட்டும் இடங்கள் நான்கு: மொட்டை மாடி, தென்னந்தோப்பு, குளக்கரை நடைபாதை, தானியம் காயவைக்கும் தோட்டத்துக் களம். இவற்றைத் தரை, காற்று, மாதம் என்ற மூன்றை வைத்துத்தான் எடைபோட வேண்டும். பசுமையும் குயில் சத்தமும் அப்புறம்.

எல்லாரும் ஆசைப்படுவது தோப்புக்கு. ஆளை ஏமாற்றுவதும் அதுதான். உழுது, சொட்டுநீர் விட்ட மண் மெத்தென்று இருக்கும். அதில் பாயை விரித்து, கை கால் நான்கையும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக சுவானாசனத்தில் நின்றால் உள்ளங்கையின் அடிப்பகுதி மண்ணுக்குள் இறங்கும், விரல்கள் மேலேயே நிற்கும். மணிக்கட்டு வழக்கத்தைவிட அதிகமாகப் பின்னால் மடங்கிவிடும். பத்துச் சுற்று சூரிய நமஸ்காரம் முடிந்ததும் மணிக்கட்டு கடுக்கிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மண்ணைத்தான். கை ஊன்றும் இடத்தில் பாய்க்கு அடியில் ஒன்றரை அடி அகலப் பலகை ஒன்றைப் போட்டால் சரியாகும். நிலம் சரிவாக இருந்தால் விரல்கள் பள்ளத்தைப் பார்க்கட்டும். மணிக்கட்டின் மடிப்பு குறையும்.

தோப்பில் தலைக்கு மேலேயும் ஒரு கண் வேண்டும். 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் நான்கு மரங்களுக்கு நட்டநடுவில் பாய் போட்டால் ஒவ்வொரு மரமும் 17 அடிக்கு மேல் தள்ளியிருக்கும். காய் பெரும்பாலும் மரத்தடியை ஒட்டித்தான் விழும். மட்டை அப்படியல்ல, காற்று தள்ளிக்கொண்டு வரும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடியில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று விடாமல் அடிக்கும். அந்த இரண்டு மாதமும் தோப்புப் பக்கமே போக வேண்டாம். மட்டையும் பன்னாடையும் குவித்து வைத்த இடத்தருகே எந்த மாதமும் உட்காரக் கூடாது. தேள், பூரான், கண்ணாடி விரியன் எல்லாம் அங்கேதான் ஒண்டும். ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தில் ஆடும் கீற்றைப் பார்த்தால் உடம்பும் ஆடும். எதிர் மரத்தண்டில் கண் உயரத்தில் மட்டை உதிர்ந்த வடு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இத்தனை சொன்னாலும், சித்திரையில் காலை எட்டு மணிக்கும் நிழல் தருவது தோப்புதான். மூக்குத் துவாரத்தை மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடி சுத்திக்கும் தியானத்துக்கும் அதை மிஞ்ச இடமில்லை.

மாடியின் பலம், படியேறினால் போதும் என்பது. கோவையில் சூரியன் ஆனியில் 6 மணி வாக்கில் உதிக்கும், தையில் 6.45 ஆகிவிடும். உதயத்துக்கு அரை மணி முன்பே தொடங்கினால் சித்திரையில்கூடத் தளம் இதமாக இருக்கும். மாலையில் மட்டும் வேண்டாம். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் இரவுவரை கக்கும், சவாசனத்தில் முதுகு வெந்துபோகும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர்த் தொட்டி வழியும் மூலையில் பாசி பிடித்திருக்கும். அதன்மேல் பாயே நழுவும். நின்று செய்யும் ஆசனங்களைக் கைப்பிடிச் சுவரிலிருந்து 6 அடியாவது தள்ளிச் செய்ய வேண்டும். ஆடிக் காற்றில் மட்டும் உட்கார்ந்தும் படுத்தும் செய்பவற்றை மேற்குச் சுவரோரம் வைத்துக்கொண்டால் சுவரே காற்றைத் தடுத்துவிடும்.

உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் போன்ற குளக்கரைகள் நடப்பதற்கு நல்லவை. வேதாத்திரி மகரிஷி வகுத்த மனவளக்கலையில் நின்றபடி செய்யும் கைப்பயிற்சிக்கும் அங்கே குறையில்லை. மகராசனத்துக்குப் படுத்தால் நடப்பவர்களின் கால் இடறும். விடியும் நேரம் கொசு, ஆறரைக்கு மேல் சாலைப் புகை. மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் நினைத்துப் பார்க்காத இடம் சிமெண்ட் களம். எங்கள் தீர்ப்பில் முதலிடம் அதற்கே. மண் போல உள்வாங்காது, பக்கத்தில் விழுவதற்கு மரமும் இல்லை, நான்கு பேர் தாராளமாகக் காலை அகட்டி நிற்கலாம். மழைநீர் வடிய லேசான சரிவு விட்டிருப்பார்கள். ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பாருங்கள். சவாசனத்தில் தலை அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். சோளத் தவிடும் பொடிக்கல்லும் பாய்க்கு அடியில் உருளும் என்பதால் சீமாற்றால் ஒருமுறை பெருக்கிவிட வேண்டும். தரை கெட்டி, ஆகவே 6 மில்லிமீட்டர் பாய் தேவை. மண்ணில் 4 போதும். பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டாலும் கரடான களத்தில் நழுவாது, வழுவழுப்பான மாடி ஓட்டில் நழுவும். காலை அகட்டி நின்று செய்யும் திரிகோணாசனம், வீரபத்ராசனத்துக்கு ரப்பர் பாய்தான் பிடிமானம். அதைத் துடைத்து நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் போட்டால் வெடித்துவிடும்.

களத்துக்கும் குறை உண்டு. அறுவடைக் காலத்தில் தானியத்துக்குத்தான் முதல் உரிமை. காங்கயம் பக்கம் தேங்காய்ப் பருப்பு காயும் களங்களில் கந்தகப் புகை போடுவார்கள். அந்த வாடை அடிக்கும் நாளில் மூச்சுப் பயிற்சி கூடவே கூடாது.

கொறங்காடு என்னும் வேலியடைத்த மேய்ச்சல் காட்டைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களும் உண்டு. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் அசைவது அழகுதான். ஆனால் வெள்வேல முள் ரப்பர் பாயைத் துளைத்துக்கொண்டு வரும், மாடு மேய்ந்த இடத்தில் உண்ணி இருக்கும். போயே ஆக வேண்டுமென்றால் தடித்த தார்ப்பாயை அடியில் விரியுங்கள். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்புறம் மூன்றையும் தடவிப் பார்த்துவிட்டுக் குளியுங்கள்.