ரத்த ஸ்டெம் செல் கொடைப் பதிவகம்: கொடையாளர் ஒருவரின் மதிப்பீடு

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரி கொடுத்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின், ரத்தப் புற்றுநோயாளி ஒருவருக்கு என் திசுவகை பொருந்துவதாகப் பதிவகத்திலிருந்து அழைப்பு வந்தது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு உயிர்ச்சத்தையே உறிஞ்சிவிடுவார்கள் என்று அம்மா அஞ்சினார்.

அந்த அச்சத்தைப் பதிவக மருத்துவர் போக்கிய விதமே இச்சேவையின் முதன்மையான சிறப்பு என்பேன். சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்களும் தட்டணு பத்து நாட்கள் வரையுமே வாழ்வதால், வளர்ந்த மனிதரின் உடல் நாளொன்றுக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களைப் புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கிறது. இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு ஆகியவற்றின் மஜ்ஜையில் மிகச் சிறு எண்ணிக்கையில் இருக்கும் ஸ்டெம் செல்களே இவற்றையும், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் அனைத்தையும் வாழ்நாள் முழுதும் பிறப்பிக்கின்றன என்று அவர் படம் வரைந்து காட்டினார். ஸ்டெம் செல் தன்னைப் போன்ற செல்லையும் உண்டாக்கிக்கொள்வதால், கொடுத்த அளவு சில வாரங்களில் ஈடாகிவிடும் என்றதும் அம்மா மனம் தேறினார்.

மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்கள் பெருகி ரத்தவோட்டத்துக்கு வருவதற்காக ஐந்து நாட்கள் ஜி.சி.எஸ்.எஃப். ஊசி போட்டார்கள். 'லேசான வலி' என்று முன்னதாகச் சொல்லியிருந்தார்கள்; மூன்றாம் நாள் இரவு இடுப்பு வலியால் எனக்கு உறக்கமே வரவில்லை. பாராசிட்டமால் மாத்திரையில் அது அடங்கியது என்றாலும், வருவதை உள்ளபடி சொல்லியிருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள், ஒரு கையிலிருந்து வெளியேறிய ரத்தத்தில் ஸ்டெம் செல்களை மட்டும் இயந்திரம் பிரித்தெடுத்துக்கொள்ள, மீதி ரத்தம் மறு கை வழியாக உடலுக்குள் திரும்பியது. ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட்டால் உதடுகள் மரத்தபோது, நான் சொல்லி முடிப்பதற்குள் செவிலியர் கால்சியம் கொடுத்தார். ஐந்து மணி நேரமும் அவர் அருகிலேயே இருந்தார். பயணம், தங்குமிடம், பரிசோதனை எதற்கும் என்னிடம் பணம் வாங்கவில்லை.

பெரிய குறை ஒன்றுண்டு. ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்ததால், ஒருங்கிணைப்பாளர் அதைப் பக்கம் பக்கமாக அம்மாவுக்குத் தொலைபேசியில் தமிழில் விளக்க வேண்டியதாயிற்று.

என் செல்களைப் பெற்றவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் மஜ்ஜையில் அவை நிலைகொண்டு, புதிய வெள்ளையணுக்கள் உருவாகத் தொடங்கிவிட்டன என்ற செய்தியை மட்டும் ஒரு மாதம் கழித்துத் தெரிவித்தார்கள். அன்று அம்மாதான் அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.