விவாகரத்தில் பணத்தைக் காப்பாற்ற எது நல்லது: சம்மத வழியா, வழக்கா? மொத்தத் தொகையா, மாதாமாதமா?

என் தங்கையின் விவாகரத்துப் பேச்சு தொடங்கி முதல் மூன்று மாதம் வீட்டில் நாங்கள் பேசியதெல்லாம் யார் மேல் தப்பு என்பதைத்தான். வீட்டுக் கடன் யார் யார் பேரில் இருக்கிறது, நகை எந்த லாக்கரில் இருக்கிறது, பாலிசியில் நாமினி யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த மூன்று மாதத்துக்கு நாங்கள் கொடுத்த விலை அதிகம், அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருபவர்களை மனதில் வைத்து எழுதியது.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லிவிடுகிறேன். விவாகரத்து என்றால் சொத்து பாதிப் பாதி என்று பலர் நினைக்கிறார்கள். கோவாவைத் தவிர நம் நாட்டில் அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. பத்திரம் யார் பேரிலோ, பணம் போட்டதற்கு ஆதாரம் யாரிடமோ, அவர் பக்கம்தான் காற்று வீசும். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சொத்து வாங்குவதில் பங்களிப்புதான் என்று சொல்லி அவருக்குச் சம பங்கு கொடுத்தது. மனசுக்கு நிறைவான தீர்ப்பு, ஆனால் அது விவாகரத்து வழக்கு அல்ல, சொத்துத் தகராறு. அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம்.

சரி, இரண்டு வழிகளுக்கு வருவோம். பரஸ்பர சம்மதம் என்றால் 13பி பிரிவு. ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், இருவரும் சேர்ந்து மனு போட வேண்டும், ஆறு மாதம் கழித்து இரண்டாவது முறை நீதிமன்றத்தில் சம்மதம் சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செலவு குறைவு, வருடக்கணக்கில் அலைய வேண்டியதில்லை, யாருக்கு எது என்று நீங்களே எழுதிக்கொள்ளலாம். வழக்குப் போட்டுப் போராடினால் இது எதுவும் கிடையாது.

ஆனால் சம்மத வழியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஜீவனாம்ச வழக்கு என்று போனால் இருவருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும், 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது அது. சம்மத மனுவில் நீங்கள் கேட்காத வரை பெரும்பாலும் அந்தக் காகிதம் வராது. அதனால் சம்மதமாகப் போனாலும் அதே படிவத்தை இருவரும் நிரப்பிக் கையெழுத்துப் போட்ட பிறகே தொகையைப் பேசுங்கள். மூன்று வருட ஐடி ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மென்ட், வீட்டுக்கு வில்லங்கச் சான்று, இவ்வளவும் கையில் இருக்கட்டும். எதிர்ப்பக்கம் காட்ட மறுத்தால், அந்த மறுப்பே உங்களுக்குப் பதில்.

நகை விஷயத்தில் நாங்கள் ஏமாந்தோம். ஒப்பந்தத்தில் 'நகைகள் திருப்பித் தரப்பட்டன' என்று ஒரே வரி, எத்தனை சவரன், என்னென்ன உருப்படி எதுவும் இல்லை. மாமியார் லாக்கரில் இருந்த ஆரம் இன்றுவரை வரவில்லை. தாய் வீட்டில் போட்டதும் புகுந்த வீட்டில் அவளுக்கென்று கொடுத்ததும் முழுக்க அவளுடையது, அதில் கணவனுக்குப் பங்கே இல்லை என்று 1985-இலிருந்தே தீர்ப்பு இருக்கிறது. இருந்தும் என்ன, பில்லும் கல்யாண ஃபோட்டோவும் எடை போட்ட பட்டியலும் இருந்தால்தான் அந்த உரிமைக்கு உயிர் வரும்.

அப்படியானால் எப்போது வழக்கு? எதிர்ப்பக்கம் சொத்தை விற்கவோ அப்பா அம்மா பேருக்கு மாற்றவோ ஆரம்பித்துவிட்டால் சம்மதப் பேச்சில் நாள் கடத்தாதீர்கள். குடும்ப வன்முறை நடந்திருக்கும் வீடு என்றால், 2005 சட்டத்தின் 18-ஆம் பிரிவில் சொத்தை விற்கவும் லாக்கரையும் கணக்கையும் தொடவும் தடை வாங்க முடியும். அதை மீறுவது குற்றம். பணம் போய்விடுமோ என்ற பயத்தில் அதைத் தம்பி கணக்கில் ஒளித்து வைக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் சொல்கிறேன், ஒளிப்பது வேறு, காப்பது வேறு. பிரமாணப் பத்திரத்தில் பொய் சொல்லி மாட்டினால் நியாயமாக உங்களுக்கு வர வேண்டியதும் சந்தேகத்தோடுதான் பார்க்கப்படும்.

அடுத்தது, மொத்தமாகவா மாதாமாதமா? நான் மொத்தத் தொகை பக்கம். மாதத் தொகை வரி கட்ட வேண்டிய வருமானமாகிறது, மொத்தமாக வருவது அப்படி இல்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. கொடுப்பவருக்கு இரண்டிலும் வரிச் சலுகை கிடையாது. மாதத் தொகையில் இன்னொரு வலி, அவர் தராமல் விட்டால் நீங்கள்தான் ஓட வேண்டும். ஜீவனாம்சத்துக்கான குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125, அதற்குப் பதில் வந்த புதிய சட்டத்தில் (பிஎன்எஸ்எஸ்) இப்போதைய 144-ஆம் பிரிவில் பாக்கிக்கு வாரண்ட் கேட்பதற்கு ஒரு வருடக் கெடு உண்டு, பொறுத்துப் பார்க்கலாம் என்று விட்டால் அந்த வழி மூடிவிடும். அப்புறம் நீங்கள் மறுமணம் செய்தால் அதை நிறுத்தச் சொல்லி அவர் மனு போடலாம். எதிர்ப்பக்கத்தில் கையில் சேமிப்பே இல்லை, நிலையான சம்பளம் மட்டும்தான் என்றால் மாதாமாதம்தான் ஒரே வழி. ஒரு வழக்கில் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, பேசத் தொடங்க அது ஒரு புள்ளி, சட்ட விதி அல்ல. குழந்தைக்கான தொகையை மட்டும் எந்த வழியிலும் இதோடு கலக்காதீர்கள், தனியாக எழுதுங்கள்.

மொத்தத் தொகையில் ஆபத்து கொடுப்பவருக்கு. இரண்டாவது சம்மதத்துக்கு முன் யாரும் பின்வாங்கலாம். அதனால் முழுப் பணத்தையும் முதல் மனுவின்போதே கொடுக்காமல், ஒரு பகுதி அப்போது, மீதி இரண்டாவது முறை நீதிமன்றத்தில் டிடியாக என்று பிரித்துக்கொள்வது இரு பக்கத்துக்கும் நல்லது.

வீடு கூட்டுக் கடனில் இருந்தால் விற்றுக் கடனை அடைத்து மீதியைப் பிரிப்பதே சுத்தம். ஒருவர் வைத்துக்கொள்வதென்றால் மற்றவர் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும், அது தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு, கணவன் மனைவி என்ற உறவு இருக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். பத்திரம் மாறினாலும் பேங்க் உங்களைக் கடனிலிருந்து எடுத்து எழுதிக் கொடுக்காத வரை தவணை தவறினால் உங்கள் சிபில் ஸ்கோரும் சேர்ந்துதான் விழும். என் தங்கைக்கு அப்படித்தான் ஆனது, தீர்ப்பு வந்து எட்டு மாதம் கழித்து ஒரு நகைக்கடன் கேட்டுப் போன இடத்தில்தான் அவளுக்கே தெரிந்தது.

கடைசியாக நாமினி. விவாகரத்து ஆனதும் அது தானாக மாறாது. பிஎஃப், பாலிசி, டெபாசிட், டீமேட் என்று ஒவ்வொன்றிலும் நீங்களே போய் மாற்ற வேண்டும்.